கனவில் விட்டுப்போன நாற்காலி

ஐப்பசி பிறந்ததும் எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமில் தூக்கத்தைப் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். முடிச்சூரிலிருந்து வரும் டீச்சர் ஒருவர், வேளச்சேரியிலிருந்து வரும் சார் ஒருவர், ஜாஃபர்கான்பேட்டையில் குடியிருந்த நான். மூவருக்கும் வேறு வேறு தெரு, கனவு மட்டும் ஏறக்குறைய ஒன்று. தண்ணீர் ஏறுகிறது, தப்பிக்க வேண்டும், முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் பார்த்த பலரிடம் இதைப் பேசியிருக்கிறேன். "உங்களுக்குமா?" என்பார்கள். பிறகு "மழை வந்தா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை என்பதற்காகத்தான் எழுதுகிறேன். திரும்பத் திரும்ப வரும் கனவைப் பகலில் உட்கார்ந்து மாற்றி எழுதலாம். மாற்றியதைப் பழகினால் இரவில் வரும் கனவும் மெல்ல மாறும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு நோட்டும் பேனாவும், தினம் கொஞ்ச நேரமும் போதும். எனக்கு இது தெரியவந்ததே பல வருடம் கழித்துத்தான். அந்த வருடங்கள் இன்னொருவருக்கு வீணாக வேண்டாம்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். காசி தியேட்டரிலிருந்து நடக்கிற தூரத்தில், ஆற்றுப் பக்கம் சரியும் சந்து ஒன்றில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அந்த நவம்பரே ஊரை நனைத்துத் தீர்த்திருந்தது. ஒரு மாதத்தில் மட்டும் நூறு சென்டிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. டிசம்பர் முதல் தேதி மறுபடி பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. இந்த எண்களெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றிரவு எங்களுக்குத் தெரிந்தது பாத்ரூம் ஓட்டை வழியாகக் கறுப்பாக எதிர்த்து வந்த தண்ணீர் மட்டும்தான். வாசலில் வருவதற்கு முன் உள்ளேயிருந்து வந்தது.

வீட்டுக்காரர் கிண்டியில் மாட்டிக்கொண்டார், பாலத்தைத் தாண்டி வர வழியில்லை. போன் செத்துவிட்டது. வீட்டில் நான், ஒன்றாம் வகுப்புப் படித்த மகன், பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துபோன அத்தை. கரண்ட் போன இருட்டில், முழங்கால் அளவுத் தண்ணீரில் அத்தையின் கையை என் தோளில் போட்டுக்கொண்டு கிரில் கேட் வரை வந்தேன். படிக்கட்டு வெளியே இருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மகன் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது மேல் வீட்டில் தங்கியிருந்த பேச்சிலர் பையன்கள் டார்ச்சோடு இறங்கி வந்தார்கள். "அக்கா, பாட்டிய சேர்ல உட்கார வைங்க, நாங்க தூக்கிக்கறோம்" என்றார்கள். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அதில் அத்தையை உட்கார வைத்துத் துண்டால் இடுப்பைக் கட்டி மாடிக்குத் தூக்கிப் போனார்கள். அவர்கள் அறையில்தான் இருந்தோம். பிறகு மீனவர்கள் படகில் வந்து அழைத்துப் போனார்கள். பீரோ, ஃப்ரிட்ஜ், என் சான்றிதழ்கள், கல்யாண ஆல்பம் எல்லாம் போயின. மனிதர்கள் மூவரும் தப்பித்தோம்.

அடுத்த ஐப்பசியில் கனவு வந்தது. அதே இருட்டு, அதே கிரில் கேட். அத்தை என் தோளில். கேட்டில் பூட்டு, சாவி திரும்பவில்லை. சில நாள் சாவி திரும்பும், படிக்கட்டில் கால் வைப்பேன், ஏற ஏறப் படிகள் கூடிக்கொண்டே போகும். மகன் எங்கே என்று திரும்பிப் பார்ப்பேன், காணோம். அத்தை என் காதோரம் "என்னை விட்டுட்டு நீ போம்மா" என்பார். அங்கே விழிப்பு வரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், நைட்டி வேர்வையில் ஒட்டியிருக்கும். முதலில் மழை மாதங்களில் மட்டும் வந்தது. நாங்கள் அசோக் நகரில் இரண்டாம் மாடிக்கு வீடு மாறினோம். வீடு மாறியதைக் கனவு கண்டுகொள்ளவே இல்லை. 2019-ல் அத்தை படுக்கையிலேயே, நிம்மதியாகத்தான் காலமானார். அதற்குப் பிறகும் நான் கனவில் அவரைத் தூக்கிக்கொண்டே இருந்தேன்.

வீட்டில் வைத்தியம் நடக்காமல் இல்லை. அத்தை இருந்தவரை தூங்குமுன் நெற்றியில் திருநீறு பூசிவிடுவார். தலையணைக்கு அடியில் இரும்புச் சாவி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். இவற்றைக் குறைவாகப் பேச எனக்கு மனமில்லை. ஒரு கை நெற்றியில் பட்டு "தூங்கு" என்று சொல்லும்போது உடம்பு இளகத்தான் செய்கிறது. அந்த நாட்களில் சீக்கிரம் தூங்கினேன். ஆனால் கனவு வரும் நேரத்துக்கு வந்தது.

என்னை அதிகம் பயமுறுத்தியது கனவைவிட, விடியற்காலைக் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கைதான். எனக்கு எப்போதும் நாலரை, ஐந்து மணிக்குத்தான் வரும். அப்படியானால் வரப்போவதைத்தான் காட்டுகிறதா? மகன் சைக்கிளில் போனால்கூட அன்று முழுக்க வயிற்றைப் பிசையும். இதற்கு உள்ள சாதாரணக் காரணத்தை யாராவது அப்போதே சொல்லியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். தூக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். ஆர்.ஈ.எம். உறக்கம் என்பார்கள். சிகாகோவில் அசெரின்ஸ்கி, க்ளைட்மேன் என்ற இருவர் 1953-ல் இதை விவரித்து எழுதினார்கள். தெளிவான, கதைபோல ஓடும் கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. இரவின் தொடக்கத்தில் அது சில நிமிடங்களே இருக்கும், விடியலை நெருங்க நெருங்க நீளும். அதனால்தான் கெட்ட கனவு விடியற்காலையில் வருகிறது, உடனே விழித்துவிடுவதால் நினைவிலும் நிற்கிறது. வருவதைச் சொல்லும் சக்தி அந்த நேரத்துக்கு இல்லை.

அதே கட்டத்தில் கை கால் தசைகள் செயலற்றுக் கிடக்கும். கனவில் ஓடுவதை உடம்பு நிஜமாக ஓடிவிடாமல் மூளை தடுத்து வைக்கும் ஏற்பாடு அது. சில நேரம் மனம் விழித்துவிடும், தசைகள் மேல் உள்ள அந்தத் தடை விலக இன்னும் கொஞ்ச நேரமாகும். அசைய முடியாமல், கத்த முடியாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். எனக்கும் வந்திருக்கிறது. சில விநாடிகளிலோ ஒன்றிரண்டு நிமிடத்திலோ தானாகப் போய்விடும். விரல் நுனியையோ கால் கட்டைவிரலையோ அசைக்கப் பார்ப்பது எனக்கு உதவுகிறது. மல்லாந்து படுப்பவர்களுக்கு அதிகம் வரும் என்பதால் பக்கவாட்டில் படுத்துப் பார்க்கலாம்.

மூளை ஏன் தப்பிக்கும் கனவையே விடாமல் போடுகிறது? பின்லாந்தைச் சேர்ந்த அன்டி ரெவோன்சுவோ 2000-ஆம் ஆண்டில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆபத்தைக் கண்டுகொள்ளவும் அதிலிருந்து தப்பவும் மூளை தூக்கத்தில் பயிற்சி எடுக்கிறது, ஆதி மனிதர்களுக்கு அது பயன்பட்டிருக்கும் என்றார். எல்லா ஆய்வாளர்களும் ஏற்ற முடிவு அல்ல இது. என் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அது பாதிதான் பொருந்துகிறது. பயிற்சி என்றால் ஒரு நாளாவது கேட் திறந்து, மாடி ஏறி, மூச்சு விட வேண்டும் அல்லவா? என் கனவு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அறுந்தது. பாடம் முடியாமலே மணி அடித்துக்கொண்டிருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டாம் மாடியில் எங்களுக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கரண்ட் மட்டும் போயிற்று. இருட்டும், மழைச் சத்தமும், கீழே தெருவில் தண்ணீர் நிற்பதும் போதுமாக இருந்தது. அதன் பிறகு கனவு மழைக்காலத்தோடு நிற்கவில்லை. மார்கழி, தை என்று வந்துகொண்டே இருந்தது. தூங்கப் போகவே பயம். பத்து மணிக்குப் படுக்காமல் துணி மடிப்பேன், நோட்டுத் திருத்துவேன், பன்னிரண்டு வரை இழுப்பேன். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று அடுத்த வரி மறந்துபோகும். ஒரு நாள் மகன்தான் சொன்னான்: "அம்மா, நீ தூக்கத்துல அழற. டாக்டர்கிட்ட போலாம்மா." பொங்கல் முடிந்ததும் ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்குப் போனேன்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே கேலிக்கு வைத்திருக்கிறோம். 1794-ல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை, இன்றும் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காசில்லாமல் வைத்தியம் பார்க்கும் இடம், அதன் பெயரைச் சொல்லி வகுப்பில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்கிறார்கள். இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் எப்படி டாக்டரிடம் போவார்கள்? அன்று வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆட்டோ ஓட்டுநர், அவருக்குப் பக்கத்தில் கல்லூரி மாணவி. எல்லோரும் நம்மைப் போன்றவர்கள். வெட்கப்பட அங்கே எதுவும் இல்லை.

டாக்டர் மேடம் கனவைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேறு நிறையக் கேட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், குறட்டை உண்டா, பகலிலும் அந்தக் காட்சி கண் முன் வருகிறதா, அந்தப் பக்கம் போகாமல் ஒதுங்குகிறேனா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கெட்ட கனவைக் கொண்டுவரும். மன அழுத்தத்துக்கான சில மருந்துகளும் அப்படியே. தினமும் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் கனவு பொங்கிக்கொண்டு வரும். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கும் வரலாம். எங்கள் பழைய வீட்டு ஓனர் அம்மாவுக்குப் புது பி.பி. மாத்திரை தொடங்கிய பின் யாரோ துரத்தும் கனவு வர ஆரம்பித்தது. டாக்டரிடம் சொன்னதும் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், கனவு போய்விட்டது. நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

பிறகு சிகிச்சையைச் சொன்னார். இமேஜரி ரிஹர்சல் தெரபி என்று பெயர். அமெரிக்காவில் பேரி க்ராகோவும் குழுவினரும் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கெட்ட கனவுகளால் தவித்த 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கனவு குறைந்தது, தூக்கமும் தேறியது. 2018-ல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் கெட்ட கனவுகளுக்குப் பரிந்துரைத்த முறையும் இதுதான். ப்ரசோசின் என்ற மாத்திரையைச் சிலருக்குக் கொடுப்பதுண்டு. எனக்கு இப்போதைக்கு வேண்டாம், எழுதிப் பார்ப்போம் என்றார் மேடம்.

செய்முறை இது. கனவை ஒரு தாளில் எழுத வேண்டும். பிறகு அதை உங்களுக்குப் பிடித்தபடி எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். முடிவை, இடத்தை, ஆட்களை, வெளிச்சத்தை, எதையும். மாற்றிய கனவை மட்டும் தினமும் பகலில் பத்து, பதினைந்து நிமிடம் கண்ணை மூடி மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய கனவைத் திரும்பத் திரும்ப ஓட்டக் கூடாது. ஆண்டு விழா நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுபோலத்தான். தினம் ஒத்திகை பார்த்தால் மேடையில் தவறான வசனம் வராது.

"மோசமான கனவுல ஆரம்பிக்காதீங்க டீச்சர். சின்னக் கனவு எதாவது இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. பரீட்சை ஹாலுக்குப் போகிறேன், வினாத்தாள் கட்டு கையில் இல்லை. முதலில் அதை மாற்றினேன். கை பழகியது. அதன் பிறகுதான் தண்ணீர்க் கனவுக்கு வந்தேன்.

அங்கே திணறிவிட்டேன். முதலில் தண்ணீர் சட்டென்று வடிந்துவிட்டதாக எழுதினேன். மனசில் நிற்கவில்லை, ஓட்டிப் பார்க்கும்போதே தண்ணீர் திரும்பி வந்தது. அடுத்து நான் பலசாலியாகி அத்தையை அலாக்காகத் தூக்கிப்போவதாக எழுதினேன். அதையும் என் மனம் ஏற்கவில்லை. நோட்டை வாங்கிப் படித்த மேடம், "நிஜத்துல அன்னைக்கு எப்படி மேல போனீங்க?" என்று கேட்டார்.

நாற்காலி. துண்டு. டார்ச் வெளிச்சத்தில் இறங்கி வந்த பையன்கள். சொல்லச் சொல்ல எனக்கே வியப்பாக இருந்தது. இத்தனை வருடக் கனவில் அந்தப் பையன்கள் ஒரு தடவைகூட வந்ததில்லை. டார்ச் வெளிச்சம் வந்ததில்லை. நாற்காலி வந்ததில்லை. கனவு எப்போதும் அவர்கள் வருவதற்கு முந்தைய விநாடியில் அறுந்துபோயிருக்கிறது. எனக்கு உதவி கிடைத்தது என்ற பாதியைக் கனவு மொத்தமாக விட்டுவிட்டது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. "என்னை விட்டுட்டு நீ போ" என்று அத்தை சொல்லவே இல்லை. அப்படிப் பேசுகிற பெண்மணியும் அல்ல. நாற்காலியில் உட்கார வைத்தபோது அவர் கேட்டது: "ரேஷன் கார்ட எடுத்தியாடி? என் கண்ணாடி எங்க?" அத்தையின் குரலை நான் மறந்தே போயிருந்தேன். கனவு கொடுத்த பொய் வசனத்தையே அவர் பேசியதாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த அறையிலேயே அழுதேன். மேடம் அவசரப்படுத்தவில்லை.

புதுக் கனவை இப்படி எழுதினேன். கேட்டில் நிற்கிறேன், அத்தை தோளில். மேலேயிருந்து டார்ச் வெளிச்சம் படியில் விழுகிறது. "அக்கா" என்று குரல். நாற்காலி வருகிறது. மகன் முன்னால் ஏறுகிறான், அவன் சட்டையைப் பார்க்கிறேன். அத்தை கண்ணாடியைக் கேட்கிறார், என் ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். மாடிக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே மெழுகுவத்தி. கண்ணாடியை நான் எடுத்ததுபோல எழுதியது மட்டும் கற்பனை, நிஜத்தில் அது தண்ணீரோடு போய்விட்டது. கொடுக்க வேண்டும்போல இருந்தது, கொடுத்துவிட்டேன். இந்த முறையில் அதற்கு இடம் உண்டு. நிஜமாக நடந்ததையே எழுத வேண்டும் என்ற விதி கிடையாது.

தினமும் மதிய இடைவேளையில், சாப்பிட்ட பின் காலியான வகுப்பறையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். படுக்கையில் படுத்துக்கொண்டு செய்ய வேண்டாம் என்பது என் யோசனை. படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். சில வாரங்களில் கனவு வருவது குறைந்தது. வந்தபோதும் முழுதாக மாறியிருக்கவில்லை. ஒரு நாள் படிக்கட்டு வழக்கம்போல நீண்டது, ஆனால் எங்கோ மேலே வெளிச்சம் இருந்தது. இன்னொரு நாள் நாற்காலி மட்டும் மிதந்து வந்தது, ஆட்கள் இல்லை. நல்ல மாற்றம்தான் என்று மேடம் சொன்னார், தொடரச் சொன்னார். கனவு இன்று முழுதாக ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது வருகிறது. வந்தால் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடுகிறேன். பத்து மணிக்குப் படுக்கப் பயப்படுவதில்லை.

நடுராத்திரியில் அலறி விழித்தால் என்ன செய்வது என்பதையும் கற்றுக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றுகிறேன். தரை காய்ந்திருப்பது பாதத்துக்குத் தெரிய வேண்டும். விளக்கைப் போட்டு, கண்ணில் படும் பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்கிறேன்: காலண்டர், மின்விசிறி, மகனின் புத்தகப் பை. இது எந்த வருடம், எந்த வீடு என்று சொல்லிக்கொள்கிறேன். கனவை அந்த நேரத்தில் யாரிடமும் விவரமாகச் சொல்வதில்லை, சொன்னால் அது இன்னும் அழுத்தமாகப் பதிகிறது. காலையில் சொல்லலாம். முக்கியமாக, போனை எடுப்பதில்லை.

போன்தான் மழைக்காலத்தில் பெரிய எதிரி. ஏரி நிரம்பிவிட்டது, கரை உடைந்துவிட்டது என்று குரல் பதிவுகள், யாரோ எப்போதோ எடுத்த வீடியோக்கள், இரவு பதினோரு மணிக்கு 'ரெட் அலர்ட்' என்று ஃபார்வர்டுகள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எட்டு மணிக்கு மேல் நான் மழைச் செய்தி பார்ப்பதில்லை. வீட்டில் ஒருவர் பார்த்தால் போதும். வீட்டுக்காரரிடம் "நீங்க பாத்துக்கோங்க, கிளம்பணும்னா மட்டும் எழுப்புங்க" என்று ஒப்படைத்துவிட்டேன்.

கிளம்ப வேண்டியது எப்போது என்பதையும் பகலிலேயே பேசி முடிவு செய்திருக்கிறோம். இது எனக்குப் பெரிய நிம்மதி. தெருவில் இன்ன வீட்டு வாசல்படி வரை தண்ணீர் வந்தால் வண்டியை மேட்டில் கொண்டுபோய் விடுவது, அதற்கும் மேல் வந்தால் மெயின் ஸ்விட்சை அணைத்து கேஸ் சிலிண்டரை மூடுவது. ஆதார், ரேஷன் கார்டு, சான்றிதழ்கள் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் ஒரே பையில் இருக்கின்றன. டார்ச்சுக்குப் புது பேட்டரி. கீழ் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியை யார் போய் அழைத்து வருவது என்பதுகூடப் பேசியாயிற்று. "தண்ணி வந்தா என்ன பண்ணுவ?" என்று இரவில் மனம் கேட்கும்போது, சொல்வதற்கு ஒரு பதில் கையில் இருக்கிறது. உங்கள் கனவு தீயாகவோ திருடனாகவோ விபத்தாகவோ இருந்தாலும் இது பொருந்தும். நிஜத்தில் செய்ய முடிந்ததைச் செய்துவிடுங்கள், மிச்சத்தை நோட்டில் எழுதுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குழந்தை திடீரென்று கத்தி எழுந்து, கண் திறந்திருந்தும் நம்மை அடையாளம் தெரியாமல் அலறினால் அது பெரும்பாலும் கெட்ட கனவு அல்ல. தூக்கத்தில் வரும் திகில். உலுக்கி எழுப்பாமல், விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் தானாகப் படுத்துவிடும், காலையில் நினைவே இருக்காது. கெட்ட கனவு விடியற்காலை பக்கம் வரும், குழந்தை விழித்து உங்களைத் தேடும், என்ன கண்டது என்று சொல்லும். அந்தக் குழந்தையை மடியில் போட்டுக் கேளுங்கள், மறுநாள் கனவைப் படமாக வரையச் சொல்லுங்கள், படத்தில் என்ன சேர்த்தால் பயம் போகும் என்று கேளுங்கள். அவர்கள் நம்மைவிட வேகமாகச் சேர்ப்பார்கள்.

பெரியவர்களில், முக்கியமாக ஐம்பது வயது தாண்டிய ஆண்கள், கனவில் சண்டை போட்டுக்கொண்டே நிஜமாகக் கை காலை வீசுகிறார், பக்கத்தில் படுத்தவரை அடித்துவிடுகிறார், கட்டிலிலிருந்து குதிக்கிறார் என்றால் அது நான் சொல்லும் விஷயம் அல்ல. தசைகளைப் பிடித்து வைக்கும் அந்த ஏற்பாடு தளர்ந்திருக்கலாம். பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல வருடம் முந்தைய அறிகுறியாகவும் அது இருப்பதுண்டு. நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். பகலிலும் அந்தச் சம்பவம் கண் முன் ஓடுகிறது, வாழவே பிடிக்கவில்லை என்றிருப்பவர்களும் நோட்டோடு தனியாக உட்கார வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

எங்கள் பள்ளி ஆயாம்மா பட்டினப்பாக்கத்துக்காரர். 2004 டிசம்பர் 26 காலையில் கடற்கரையிலிருந்து ஓடித் தப்பியவர். இருபது வருடமாக அலை துரத்தும் கனவு. நான் வகுப்பறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நாள் விசாரித்தார். சொன்னேன். "இவ்ளோ பழைய கனவு மாறுமா டீச்சர்? எனக்கு எழுதவும் வராதே" என்றார். பழைய கனவு என்பதால் மாறாது என்றில்லை. எழுதத்தான் வேண்டும் என்றும் இல்லை, சொல்லிப் பார்க்கலாம். அவர் போனிலேயே அவர் குரலில் பதிவு செய்துகொண்டோம். கனவில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை. "லைட் அவுஸு மேல. லிஃப்ட்ல. எம் பசங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கினு." தினம் மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் அதைக் காதில் வைத்துக் கேட்கிறார். அலை இன்னும் வருகிறது, ஆனால் இப்போதெல்லாம் ஓடும்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிகிறது என்கிறார். பகலில் கடல் பக்கம் திரும்பிப் பார்க்கவே அவருக்கு இன்னும் முடியவில்லை, அதற்கு நோட்டும் பதிவும் போதாது. வருகிற புதன்கிழமை லீவு போட்டு அவரை டாக்டர் மேடத்திடம் அழைத்துப் போகிறேன்.